பொட்டு வைத்த டின்

ஆதிமூலம் பக்திமான். அதில் யாருக்கும் சந்தேகமே வேண்டாம். விபூதி இல்லாத நெற்றியோடு அந்த ஆளைத் திருவண்ணாமலை வேங்கிக்காலில் எவனும் பார்த்திருக்க முடியாது. பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு கிரிவலம். எட்டு லிங்கத்துக்கும் எட்டு கற்பூரம். வழியில் மாடு படுத்திருந்தால் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன் செய்தது மரச்செக்கு எண்ணெய் வியாபாரம்.

கடைவாசலில் பெரிய வாகைமரச் செக்கு ஒன்று எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். வெளியூர்க் கார்கள் அதைப் பார்த்துத்தான் நிற்கும். இறங்குகிறவர்கள் முதலில் செக்கோடு செல்ஃபி எடுப்பார்கள், அப்புறம் எண்ணெய் எடுப்பார்கள். காலையில் கொஞ்ச நேரம் எள் போட்டு ஆட்டுவதோடு சரி. மிச்ச நேரமெல்லாம் அதில் பழைய புண்ணாக்குதான் கிடந்து உருளும், வாசனைக்காக. 'செக்கு சும்மா நிக்கக் கூடாது, சூடு ஆறிப்போயிடும்' என்று ஆதிமூலம் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். அவர் மனைவி சரோஜா அதை நம்பினாள். நம்புவது சௌகரியமாக இருந்தது, நம்பினாள்.

சரோஜாவின் முகம்தான் டின்னில் இருந்தது. அரக்குப் பட்டுப்புடவை, மூக்குத்தி, கூப்பிய கை, வாய் நிறையச் சிரிப்பு. கீழே 'சரோஜாம்மா மரச்செக்கு' என்று கொட்டை எழுத்து. இது மகன் விமல்ராஜின் யோசனை. "அப்பா மூஞ்சியப் போட்டா எவன்மா வாங்குவான்?" என்று அன்றைக்குக் கேட்டான். வாழ்க்கையில் அவன் பேசிய உண்மை அது ஒன்றுதான் என்று பிற்பாடு சரோஜாவுக்குத் தோன்றியது.

முகம் டின்னில் ஏறிய பிறகு அவளுக்கு ஊரில் மரியாதை ஏறியது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் முன்பின் தெரியாத பொம்பளைங்க எழுந்து இடம் கொடுத்தார்கள். நகைக்கடையில் "எண்ணெய்க்கார அம்மா வந்திருக்காங்க" என்று சொல்லிக் காபி வரவழைத்தார்கள். பொய் சொல்வானேன், அவளுக்கு அது பிடித்திருந்தது. கடையில் உட்கார்ந்து, எண்ணெய் எப்படி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்வாள்: "என் மூஞ்சியப் போட்டிருக்கேன். கண்ண மூடிக்கினு எடுத்துப் போங்க." அந்த ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாதாமாதம் சரக்கு டின்னில் அடைத்து முடிந்ததும், ஆதிமூலம் நாலைந்து டின்னை மட்டும் தனியாக எடுத்து வைப்பார். "இது செக்குல மொதல்ல ஆட்டுனது. சாமிக்கும் வூட்டுக்கும்" என்பார். சரோஜா குளித்துவிட்டு வந்து அந்த டின்களுக்கு மட்டும் குங்குமப் பொட்டு வைப்பாள். டின்னில் இருக்கும் தன் முகத்தின் நெற்றியிலேயே வைப்பாள், அதுதான் வாகாக இருக்கும். பொட்டு வைத்ததில் ஒன்று தெருக்கோடி முத்துமாரியம்மன் கோயில் விளக்குக்குப் போகும். இன்னொன்று சமையலறைத் தூக்குச்சட்டிக்குப் போகும். பொட்டில்லாதது ஊருக்குப் போகும். ஆண்டவனுக்கு முதல் பங்கு எடுத்து வைக்கிற மனுஷன் என்று அவள் அதில் பெருமைகூடப் பட்டிருக்கிறாள்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று காலையில் ஆதிமூலமும் விமல்ராஜும் அன்னதானத்துக்குப் போய்விட்டார்கள். கிரிவலப் பாதையில் பந்தல், பந்தலுக்கு மேலே ஆதிமூலம் கைகூப்பி நிற்கிற ஃபிளெக்ஸ். சாம்பார் சாதத்தைவிட ஃபிளெக்ஸுக்குச் செலவு ஜாஸ்தி.

சரோஜா தலைக்குக் குளித்து, ஈரத் துண்டோடு, குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த குடோனுக்குப் போனாள். தனியாக எடுத்து வைத்த டின்கள் ஒரு மூலையில் இருந்தன. மற்றவை சுவரோரம் அடுக்கடுக்காக நின்றன. முதலில் அந்த மூலை டின்களுக்குப் பொட்டு வைத்தாள். நிமிர்ந்தால், சுவர் முழுக்க அவள் முகம். அத்தனை முகங்களும் தீபத்தன்று வெறும் நெற்றியோடு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. போட்டோவில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு அச்சில் சரியாக விழவே இல்லை.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக இதென்ன மூளித்தனம் என்று எல்லா டின்னுக்கும் பொட்டு வைத்தாள். ஒன்று விடவில்லை. பிறகு மூட்டை தூக்கும் சுப்பனைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் ஒரே வரிசையா அடுக்கு சுப்பா, எடத்தப் பெருக்கிக் கோலம் போடணும்" என்றாள். அவனும் அடுக்கினான். வேலை முடிந்து பார்த்தபோது அவளுக்கே கண் நிறைந்திருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பொன்னி வந்தாள். அவள் மகள் அபிநயா பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளை பெற்று இன்னும் பச்சை உடம்பு.

"அக்கா, பொண்ணுக்குக் காலையில வெறும் வயித்துல நல்லெண்ணெய் குடுக்கணுங்க. கொழந்தைக்கும் தேய்க்கணும். நல்லதாப் பாத்து ஒரு டின்னு குடுங்க."

"இதுல இன்னாடி நல்லது கெட்டது?" என்று சரோஜா செல்லமாக அதட்டினாள். கைக்கு வந்த டின்னை எடுத்துக் கொடுத்தாள். "என் மூஞ்சியப் போட்டிருக்கேன். சாமி டின்னாட்டம் பொட்டு வேற வெச்சிருக்கேன். கண்ண மூடிக்கினு குடு."

பொன்னி டின்னைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மத்தியானம் சுப்பன் வரிசையிலிருந்து ஒரு டின்னை உருவி முத்துமாரியம்மன் கோயிலில் சேர்த்துவிட்டு வந்தான்.

சாயங்காலம் அப்பனும் மகனும் திரும்பி வந்தார்கள். ஆதிமூலத்துக்கு நெற்றி விபூதியெல்லாம் வியர்வையில் வழிந்திருந்தது. ஆனால் முகத்தில் புண்ணியம் செய்த களை. நேராகக் குடோனுக்குள் போனார். போன வேகத்தில் நின்றார்.

"எவன்டா எல்லா டின்னுக்கும் பொட்டு வெச்சது?"

சரோஜா கோலமாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "நான்தாங்க. நல்ல நாளாச்சேன்னு..."

"கோயிலுக்கு எந்த டின்னு போச்சு?"

"இதுல ஒண்ணுதான். சுப்பன் எடுத்துப் போனான்."

ஆதிமூலம் தலையில் அடித்துக்கொண்டார். வெறும் பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே பட்பட்டென்று இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். "போச்சு. எல்லாம் போச்சு. தீபத்தன்னிக்கு, அம்மா சந்நிதியில... டேய் விமலு, எது நல்லதுன்னு எப்டிடா கண்டுபுடிக்கிறது?"

விமல்ராஜ் ஒரு டின்னைத் திறந்தான். "மூந்து பாருப்பா."

"மூந்து பாத்தா தெரியக் கூடாதுன்னுதானேடா எசன்ஸ் போட்டோம்!"

"அப்ப கலர் பாரு."

"கலரும் நீதானேடா போட்ட! 'அப்பா, ஒருத்தனாலும் கண்டுபுடிக்க முடியாதுப்பா'ன்னு நீதானேடா சொன்ன! இப்ப நீயே கண்டுபுடி!"

மகன் டின் டின்னாகத் திறந்து விரலை விட்டு நக்கினான். அப்பனும் நக்கினார். மறுபடி முகர்ந்தார்கள், மறுபடி நக்கினார்கள். ஊரை ஏமாற்ற எவ்வளவு அக்கறையாகக் கலந்திருக்கிறார்கள் என்றால், கலந்தவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. எண்ணெய் வழிகிற வாயோடு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து முழித்துக்கொண்டு நின்றார்கள். சே, பார்க்கவே சகிக்கவில்லை.

சரோஜா குடோனுக்குள் வந்தாள்.

"இன்னா கலந்தீங்க?" என்று கேட்டாள்.

"நீ பேசாத. எல்லாம் உன்னால வந்தது."

"இன்னா கலந்தீங்கன்னு கேக்கறேன்."

"பாமாயில்மா" என்றான் விமல்ராஜ், இதைப்போய்ப் பெரிதாகக் கேட்கிறாயே என்பது போல. "எல்லாரும்தான் கலக்கறாங்க. கலக்காம இந்த ரேட்டுக்கு விக்க முடியுமா? நீ கழுத்துல போட்டிருக்கறது, இந்த வூடு, எல்லாம் அந்த சொட்டுச் செக்குல இருந்து வந்துச்சுன்னா நெனச்ச?"

ஆமாம், அப்படித்தான் நினைத்தாள். நினைக்கவில்லை என்றும் சொல்லலாம். எப்போதும் புண்ணாக்கு உருள்கிற செக்கிலிருந்து வேன் வேனாக எண்ணெய் எப்படிப் போகிறது என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியாமலா போயிற்று? போட வேண்டாமென்று இருந்தாள். காபி வருகிற இடத்தில் கணக்கு எதற்கு என்று இருந்தாள். ஆக, அவள் கையால் வைத்த பொட்டு சாமிக்கு முதல் பங்கு என்று சொல்லவில்லை. எது விஷம், எது சோறு என்று இந்த இரண்டு பேருக்கும் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன் விரலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"பொன்னி காலையில ஒண்ணு எடுத்துப் போனா" என்றாள். "பிள்ள பெத்தவளுக்கு."

"அவ கெடக்கறா!" என்று ஆதிமூலம் கத்தினார். "கோயிலுக்குப் போனதுக்கு வழி சொல்லு! வூட்டுத் தூக்குல எண்ணெய் இருக்கா? போன மாசத்துது?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சமையலறைக்குள் ஓடித் தூக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். விமல்ராஜ் வாளியோடு பின்னால் ஓடினான். சரோஜா செருப்புப் போட மறந்து அவர்களுக்குப் பின்னால் நடந்தாள்.

தெரு முழுக்கக் கோலம். வாசல்படிகளில் அகல் வரிசையாக, திரி போட்டு, இவர்கள் கடை எண்ணெயையே ஊற்றி, ஏற்றாமல் இருந்தது. மலையில் தீபம் தெரியாமல் இந்த ஊரில் யாரும் வீட்டில் விளக்கேற்ற மாட்டார்கள். கோயில் முன்னால் தெருச்சனம் மொத்தமும் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. பூசாரி மூர்த்தி பெரிய குத்துவிளக்கில் எண்ணெய் நிரப்பி, தீப்பெட்டியோடு தயாராக நின்றான். பக்கத்தில் அந்த டின். டின்னில் சரோஜா பொட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூர்த்தி! அதக் கவுத்துடு!" என்று ஆதிமூலம் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "வெளக்கு, அகலு, எல்லாத்தையும் கவுத்துடு! இத ஊத்து!"

"இன்னா மொதலாளி, இப்பப் போயி? நேரமாவுதே. எல்லாம் ரெடி பண்ணிட்டேன்."

"சொன்னாக் கேளு. அந்த எண்ணெய் சாமிக்கு ஆவாது."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் பொன்னி நின்றிருந்தாள்.

"ஏண்ணா, அதுல இன்னா?"

"ஒண்ணும் இல்லமா. டின்னு மாறிப்போச்சு."

"இதே டின்னுதானே நானும் காலையில எடுத்தேன்? அக்காதான் குடுத்தாங்க. இதே மாதிரி பொட்டு வெச்சது."

ஆதிமூலம் அவளைப் பார்த்துக் கருணையோடு சிரித்தார். அவர் மனசறிந்து அந்த நேரத்தில் பொய் பேசவில்லை, அதுதான் கொடுமை. "உன்னுது பரவால்லமா. அது உள்ளுக்குச் சாப்பிடறதுதானே. ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாது, செரிச்சுப் போயிடும். இது சாமி காரியம். சாமி குத்தம் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

ஆதிமூலம் தான் சொன்னதை அதன் பிறகுதான் தானே கேட்டார் போலிருக்கிறது. வாய் திறந்தபடி நின்றது.

வேதா டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ரிட்டயராகிப் பல வருஷம் ஆகியும் குரல் ஆறாம் வகுப்பில்தான் இருந்தது. "சாமிக்கு ஆகாததத்தான் எங்களுக்கு விக்கிறீங்களா ஆதிமூலம்?"

"ஐயோ டீச்சர், அப்டி இல்ல. எறும்பு. எறும்பு விழுந்துடுச்சு." சட்டென்று சரோஜா பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "சரோஜா, நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க." பக்கத்தில் வந்து குரலை இறக்கினார். "எறும்புன்னு ஒரு வார்த்த சொல்லிடு. எல்லாம் சரியாயிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு வார்த்தை போதும். அவள் 'எறும்பு' என்றால் அது எறும்புதான், இத்தனை வருஷத்து நம்பிக்கை அப்படி. பொன்னியின் முகத்தில்கூட அந்த வார்த்தைக்கான ஆசை தெரிந்தது. சரோஜா புருஷனைப் பார்த்தாள். கழுவாத வாயில் எண்ணெய் மினுங்க, நெற்றியில் விபூதி சேறாக, கெஞ்சிக்கொண்டு நின்றார். இந்த ஆளுக்கா நாற்பது நாள் விரதம் இருந்து மாங்கல்ய பூஜை செய்தோம் என்று அவளுக்கு நெஞ்சு கசந்தது. திருடனாக இருந்தாலும் தொலைகிறது. சாமிக்குப் பயந்து மனுஷனிடம் திருடுகிற திருடன்.

"எறும்பு இல்ல" என்றாள் சரோஜா. "பாமாயில். ஊருக்கு விக்கற எல்லா டின்னுலயும். ரொம்ப நாளா."

"அடிப்பாவி!" என்றார் ஆதிமூலம்.

அந்த நேரம் பார்த்து மலையில் தீபம் தெரிந்தது. கூட்டம் பழக்க தோஷத்தில் அப்படியே மலைப்பக்கம் திரும்பியது. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று தெரு அதிர்ந்தது. எல்லோருக்கும் மேலே கையைத் தூக்கிக் கதறியது ஆதிமூலம்தான். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அந்தக் கண்ணீரில் மட்டும் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது, எழுதிக் கொடுக்கலாம். மூர்த்திக்கு வேறு வழியில்லை, இருந்த எண்ணெயிலேயே குத்துவிளக்கை ஏற்றினான். அது நன்றாகத்தான் எரிந்தது. அம்மன் ஒன்றும் கண்ணைக் குத்தவில்லை. ஆதிமூலம் ஒரு கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தார், மெதுவாக மூச்சு விட்டார். சாமி குத்தம் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? நல்லாத்தானே எரியுது?" என்றார் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து.

வேதா டீச்சர் தரையில் துப்பினார். நல்ல நாளில் கோயில் வாசலில் துப்புகிற ஜாதி இல்லை அந்த அம்மா, அன்றைக்குத் துப்பினார்.

சரோஜா புருஷன் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கினாள். கூட்டத்தைத் தாண்டிப் பொன்னியிடம் போனாள்.

"பொன்னி, அந்த டின்னத் தொடாத. அபிநயாவுக்கு இதக் குடு. இது எங்க வூட்டுக்குன்னு ஆட்டுனது. சுத்தமானது."

பொன்னி மூடியைத் திறந்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். எள் வாசனை அடித்தது. காலையில் எடுத்துப் போன டின்னிலும் இதே வாசனைதான் அடித்திருக்கும்.

"நெசமாவே நல்லதுங்களாக்கா?"

"சத்தியமாடி. என் மேல..." என்று ஆரம்பித்தாள் சரோஜா.

பொன்னி மூடியைத் திரும்பப் போட்டாள். கோபமாக இல்லை, கொதிக்கிற பாத்திரத்தை மூடுகிற மாதிரி ஜாக்கிரதையாக மூடினாள். தூக்கைச் சரோஜாவின் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"வேணாங்க்கா. காலையிலயும் இப்டித்தானே சொன்னீங்க."

சொல்லிவிட்டு, வீட்டில் விளக்கேற்றப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். போகிற வழியில் வாசலில் இருந்த அகலையெல்லாம் எடுத்து எண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மெழுகுவத்தி வாங்க ஆள் அனுப்பினார்கள். ஆதிமூலம் அவர்கள் பின்னாலேயே ஓடி, "ஏங்க, நல்லாத்தாங்க எரியுது, கொட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரோஜா தூக்கோடு கோயில் வாசலிலேயே நின்றாள். அந்தத் தெருவில் அன்றைக்கு இருந்த ஒரே நல்ல எண்ணெய் அவள் கையில்தான் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.